மருத்துவச்சி வேலைக்குப் போற மருமவனுக்கு

மருமவனே, மீன் பண்ணையில ஒனக்கு வேலை கெடச்சிருச்சாமே. ஒங்கம்மா நேத்து வாயெல்லாம் பல்லா வந்து சொல்லிட்டுப் போனா. வாயெல்லாம் பல்லுன்னா என்னன்னு அவளுக்குத் தெரியாது. ஒனக்கு ஐஸ் ஒடஞ்சு சில வாரத்துல தெரிஞ்சிரும். மஸ்கி மீனுக்குப் பிரசவம் பாக்கப் போறவன்ல நீ!

பத்தாயிரம் தடவ தூண்டி வீசினாத்தான் ஒரு மஸ்கி சிக்கும்னு நம்ம மினசோட்டாவுல ஒரு பேச்சு உண்டு. நான் நாப்பது வருசமா வீசுறேன். எண்ணிக்கையில எங்கயோ விட்டுட்டேன் போல. நீ என்னடான்னா சர்க்கார் சம்பளத்துல, சர்க்கார் படகுல போயி, வலையைத் தூக்கிப் பாத்துட்டு வரப் போற. பொறாமை எல்லாம் இல்ல. கையுறை மட்டும் வாங்கிராத. வெறுங்கையிலதான் மீனோட குணம் தெரியும். அர மணி நேரத்துல வெரல் மரத்துப் போயி ஒண்ணும் தெரியாது, கடிச்சாலும் தெரியாது. அதுவும் ஒரு சௌகரியந்தான்.

எப்பப் போகணும்னு ஆபீஸ்ல ஒரு தேதி குறிச்சுக் குடுப்பாங்க. அதை மீனுக்கும் ஒரு நகல் அனுப்பச் சொல்லு. ஏன்னா அது காலண்டர் பாக்கிறதில்ல, தண்ணியத்தான் பாக்குது. பத்துப் பதிமூணு டிகிரி சூடு வந்தாத்தான் சினைக்காரி எடம் தேடுவா. அதுக்கு முந்தியே பைக் மீனு வந்து முட்டை போட்டுட்டுப் போயிருக்கும். ரெண்டும் ஒரே வம்சம்தான். முந்திப் பொரிச்ச பைக் குஞ்சு கொஞ்சம் வளந்து நின்னு, பிந்தி வர்ற மஸ்கிக் குஞ்சை முழுங்கும். பங்காளிச் சண்டை தண்ணிக்குள்ளயும் உண்டு, மருமவனே. நம்ம வீட்டுல யாரும் யாரையும் முழுங்கினதில்ல, அவ்வளவுதான் வித்தியாசம்.

வலை, வளையம் வளையமாக் கோத்த நீட்டுக் கூண்டு. கரையோரம் வர்ற மீனு குறுக்கே கட்டின வலையில முட்டி, அதை ஒட்டியே போயி உள்ள மாட்டிக்கும். தூக்கினதும் ஒடனே வயித்த அமுக்கிராத. பழுத்த பெட்டையா இருந்தா லேசாத் தடவினாலே முட்டை பொலபொலன்னு கொட்டும். பழுக்காதவளை எத்தன அமுக்கினாலும் சேதந்தான் மிச்சம். அவளைத் தடுப்புக்குள்ள விட்டுட்டுக் காத்திருக்கணும். காத்திருக்கிறதுக்கும் சம்பளம் குடுக்கிற வேலை ஒலகத்துல எத்தன இருக்கு சொல்லு.

இப்ப வர்றதுதான் முக்கியம். அவ வயித்தத் துண்டால நல்லாத் துடைக்கணும். மீனைத் துடைக்கிறாங்களேன்னு சிரிக்காத. ஆண் மீனோட பால் தண்ணி பட்டதும் முழிச்சுக்கும், ஒரு நிமிசம் போல ஓடும், அப்புறம் செத்துப் போகும். முட்டையோட சேருமுன்னயே சட்டியில ரெண்டு சொட்டுத் தண்ணி விழுந்தா, பாலெல்லாம் ஓட வேண்டிய நேரத்துக்கு முந்தியே ஓடிக் களைச்சுப் படுத்திரும். கல்யாணத்தன்னைக்கு முந்தின ராத்திரியே ஆடித் தீத்த மாப்பிள்ளை மாதிரி. அதனால காஞ்ச சட்டியில முட்டை, அது மேல நாலஞ்சு ஆம்பளையோட பால், அதுக்கப்புறந்தான் தண்ணி. ஒரே ஆம்பளையோட பாலை ஊத்திராத. வம்சம் அகலமா இருக்கணும்.

கலக்குறதுக்குப் பழைய ஆளுங்க வான்கோழி எறகு வச்சிருப்பாங்க. கரண்டி போட்டுக் கிண்டினா முட்டை நசுங்கும். எறகுன்னா பூப்போலப் போகும். முட்டை ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்காம இருக்கக் களிமண் கரைச்ச தண்ணி ஊத்துவாங்க. இப்ப அயோடின் கழுவலும் சேந்துக்கிச்சு. 2005க்கு அப்புறம் ஐம்பெரும் ஏரிகள் பக்கம் விஹெச்எஸ்னு ஒரு மீன் நோய் வந்து மஸ்கி மிதந்துச்சில்ல, அதுலருந்து பண்ணைக்குள்ள நோய் நுழையாம பாக்குறாங்க. ஒரு பெரிய பெட்டை வயித்துல லட்சத்துக்கு மேல முட்டை இருக்கும். அவ பாட்டுக்குக் கொட்டிட்டுத் திரும்பியே பாக்க மாட்டா. நீதான் ஆத்தா, நீதான் அப்பன்.

ஒண்ணு மட்டும் காதுல போட்டுக்க. எந்தத் தாயோட முட்டைன்னு பாத்துக்க. ரொம்ப வருசம் முந்தி, நம்ம ஆளுங்க கனடா எல்லையோரம் ஷூபேக் ஏரியிலருந்து முட்டை எடுத்து ஏரி ஏரியா விட்டாங்க. 1980கள் வரைக்கும் விட்டாங்க. மீன் வளந்துச்சு, ஆனா நீட்டு ஆகல. அந்த ஏரி மீனு பொறப்புலயே குட்டைச் சாதி! தண்ணிய மாத்தினா மட்டும் நெட்டையாவா வளரும்? பெருசா வளர்ற லீச் ஏரி மீனு பக்கத்துலயே இருந்துச்சு, ஆனா முட்டை எடுக்க எடந்தான் தெரியல. கரையோரம் சேத்துல தேடினாங்க. கடேசியில மீன்மேல ரேடியோ கருவி வச்சு பின்னாலயே போனப்பதான் தெரிஞ்சுது, அந்த மகராசிங்க கரையை விட்டுத் தள்ளி, ஆளாழத் தண்ணியில, கேரா பாசி மெத்தை மேல முட்டை போடுறாங்கன்னு. படிச்சவங்களுக்கு வழி காட்டினது மீனுதான். அன்னைக்கு முதல் லீச் ஏரி வம்சம்தான் நம்ம பண்ணையில.

மத்ததெல்லாம் சுருக்கமாச் சொல்றேன். கண்ணாடி ஜாடியில அடியிலருந்து தண்ணி விட்டு முட்டைய மெல்லப் பொரட்டிக்கிட்டே இருக்கணும். செத்த முட்டை வெளுத்துப் போயி பூஞ்சை புடிக்கும், அதை எடுத்து வீசணும். ரெண்டு வாரத்துல பொரிச்சிரும். மீன் குஞ்சுக்கு நீச்சல் சொல்லிக் குடுக்க வேண்டாம்னு பெரியவங்க சொன்னாங்க. பக்கத்துல நிக்கிற தம்பியத் திங்காதேன்னு சொல்லிக் குடுக்கணும்னு சொல்லாம விட்டுட்டாங்க. வெரல் நீளம் வந்ததுமே ஒண்ணை ஒண்ணு முழுங்கப் பாக்கும். வாயிலருந்து கூடப்பொறந்தவன் வாலு நீட்டிக்கிட்டு நிக்கும். அதனாலதான் வேளாவேளைக்குப் பொடிமீன் போடுறது. இலையுதிர் காலத்துல ஏரியில விடும்போது ஒரு அடி நீளம் இருக்கும். அதுவரைக்கும் அது தின்ன பொடிமீனோட கணக்கைக் கேட்டா, ஒன் கல்யாணப் பந்திச் செலவு கம்மின்னு தோணும்.

ஏரியில விட்டதும் பக்கத்து பங்களாக்காரன் வருவான், "எங்க வால்ஐ மீனையெல்லாம் இது தின்னுதுய்யா"ன்னு. ஆமாமாமான்னு தலையாட்டு. அவனே ஆகஸ்டு மாசம் மஸ்கியோட நின்னு போட்டோ எடுத்து சுவத்துல மாட்டுவான்.

நீ எடுக்கிற முட்டைக்காரியை அடையாளம் போட்டு அங்கேயே விட்டுருவாங்க. அவ அடுத்த வருசம் வந்து ஒன்னை மொறைப்பா. அவளோட புள்ளைங்க அம்பது அங்குலம் தாண்டுறதுக்குள்ள ஒன் மீசை நரைச்சிரும். இங்க பெரும்பாலான ஏரியில 54 அங்குலத்துக்குக் கீழ இருந்தா திருப்பி விடணும்ல, அதனால பேசாம உக்காந்து மீசைய நரைக்க விடு.

எறகு வேணும்னா வாங்கிக்கிட்டுப் போ. கொல்லையில நம்ம வான்கோழி சும்மாத்தான் திரியுது. அதுக்கிட்ட மட்டும் எதுக்குன்னு சொல்லிராத.