பத்துப் பொருத்தம்

கேள்வி: சைக்கிளை மின்வண்டியாக்க 36 வோல்ட் பேட்டரியையும் 48 வோல்ட் கன்ட்ரோலரையும் சேர்த்து வைத்தேன். வண்டி நகரவே இல்லை. ஜாதகம் பார்த்திருக்க வேண்டுமோ?

பதில்: கட்டாயம்! ஜாதகம் லேபிளிலேயே இருக்கிறது. 36 வோல்ட் பேட்டரியில் தொடராக இணைந்திருப்பவை 10 லித்தியம் செல்கள். முழுச் சார்ஜில் 42 வோல்ட். 48 வோல்ட் கன்ட்ரோலர்கள் பலவும் ஏறத்தாழ அதே அளவில்தான் ‘பேட்டரி தீர்ந்தது’ என்று கதவைச் சாத்துகின்றன. விருந்து உண்டு வந்த மாப்பிள்ளையைப் பட்டினி என்று திருப்பி அனுப்பினால் எப்படி?

மாற்றிச் சேர்ப்பது ஆபத்து. 48 வோல்ட் பேட்டரி 54.6 வோல்ட் வரை ஏறும். 36 வோல்ட் கன்ட்ரோலரில் 50 வோல்ட் கெப்பாசிட்டர் இருந்தால் அது வெடிக்கலாம்.

ஆம்பியரையும் பாருங்கள். 15 தரக்கூடிய பேட்டரியிடம் கன்ட்ரோலர் 25 கேட்டால், மேம்பாலம் ஏறும்போது பேட்டரியின் பாதுகாப்புச் சுற்று இணைப்பைத் துண்டித்துவிடும்.