தொலைவிசை இயல்: நல்லூர் ஆயுதபூஜைப் படங்களை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

இவ்வியல் என்னுதலிற்றோ எனின், கேமராவைத் தொடாமல் கேமராவை அழுத்துவதன் இலக்கணம் உணர்த்துதல் நுதலிற்று. ஆய்வுக்களம், திருப்பூர் காங்கயம் சாலையிலுள்ள நல்லூர். தனி நகராட்சியாக இருந்து 2011-இல் திருப்பூர் மாநகராட்சிக்குள் சேர்க்கப்பட்ட ஊர் என்பதால், குரூப் போட்டோவில் சேர்வது குறித்த ஆய்வுக்கு முழுத் தகுதி உடையது. சான்றுகள், பனியன் கம்பெனி ஆபீஸ் சுவர்களில் சட்டம் போட்டு மாட்டிய ஆயுதபூஜைப் படங்கள்.

சிக்கல் பழையது. பூஜையன்று ஓவர்லாக், பேட்லாக் மெஷின்களைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் இட்டு, பூசணிக்காய் உடைத்து, பொரி பங்கிடுவதற்கு முன் ஒரு படம் எடுப்பது வழக்கம். கட்டிங் மாஸ்டர், டெய்லர்கள், செக்கிங் பெண்கள், அயர்ன் மாஸ்டர் எல்லாரும் அதில் இருப்பார்கள். எடுத்தவர் இருக்க மாட்டார். அவர் பெரும்பாலும் மெர்ச்சண்டைசர். பையருக்குச் சாம்பிள் படம் அனுப்ப வாங்கிய டிஜிட்டல் கேமரா அவர் பொறுப்பில்தான் இருக்கும். இலக்கணப்படி இவர் தோன்றா எழுவாய். கம்பெனிக்கு அவ்வளவு இலக்கணம் தெரியாது. பல வருடம் கழித்துப் படத்தைப் பார்த்து, "அந்த வருசம் அவரு லீவுங்களா?" என்று கேட்கும்.

முன்னோர் இதற்கு முதலில் கண்ட தீர்வு ஓட்டம். 1839-இல் ஃபிலடெல்ஃபியாவில் ராபர்ட் கொர்னீலியஸ் லென்ஸ் மூடியைக் கழற்றிவிட்டு, தானே கேமராவின் முன்னால் வந்து நின்று தன்னைப் படமெடுத்துக்கொண்டார். இன்றைய பத்து விநாடி டைமர் அந்த ஓட்டத்தின் வழித்தோன்றலே. பவர் டேபிள்களைச் சுற்றி வளைத்து ஓடவேண்டிய நல்லூரில் பத்து விநாடி பற்றாது. டைமர் படங்களை அடையாளம் காண்பது எளிது: ஓரத்தில் ஒரு முதுகு தெரியும்.

அடுத்து வந்தது கம்பி. 1880-இல் திரிபுரா மன்னர் வீரசந்திர மாணிக்கியர், அரசி மன்மோகினி தேவியை அணைத்தபடி, நீண்ட கம்பியால் ஷட்டரை இயக்கித் தம்மையே எடுத்துக்கொண்ட படம் இன்றும் பேசப்படுகிறது. அரண்மனையில் கம்பி இழுக்கலாம். கம்பெனியில் இழுத்தால் முதலில் தடுக்கி விழுபவர் முதலாளி.

ஆகவே ரிமோட். கேனான் ஆர்சி-6, நிக்கான் எம்எல்-எல்3 போன்றவை விரல் நீளமே இருக்கும். பட்டனை அழுத்தினால் அகச்சிவப்புக் கதிர் துடித்துத் துடித்துச் சென்று கேமராவின் முன்பக்கக் கண்ணில் பட வேண்டும். வெறுங்கண்ணுக்கு அக்கதிர் தெரியாது. செல்போன் கேமரா வழியே பார்த்தால் பெரும்பாலும் ஊதாவாக மினுக்கும். எட்டும் தூரம் சுமார் 5 மீட்டர். வெயிலில் அதுவும் குறையும். வாசலில் எடுத்துவந்த படம் ரிமோட் வந்தபின் கூடத்துக்குள் இடம்பெயர்ந்ததற்குக் காரணம் இதுவே. வாஸ்து என்பாரும் உளர், அது பொருந்தாது.

இந்த 5 மீட்டரின் சமூக விளைவை இதுவரை எவரும் ஆராயவில்லை. எண்பது பேரை அடக்க கேமரா பின்னால் போயாக வேண்டும். கதிர் எட்ட, ரிமோட் வைத்திருப்பவர் எல்லாருக்கும் முன்னால் வந்தாக வேண்டும். பின்வரிசைக்கு மறைக்காமலிருக்க அவர் தரையில் சம்மணமிட வேண்டும். ஹெல்பர்களுக்கென்று இருந்த தரை வரிசையில் எம்.பி.ஏ. படித்த மெர்ச்சண்டைசர் உட்கார்ந்த வரலாறு இப்படித்தான் தொடங்கிற்று.

இனிக் கைநிலை. அது நீட்டல், ஒளித்தல் என இருவகைப்படும். நீட்டினால், அவர் படம் பார்ப்பவரை மிரட்டுவதுபோல் விழும். முதுகுக்குப் பின் ஒளித்தால் கதிர் போகாது, படமே விழாது. இதற்காகவே ஆர்சி-6-இல் இரண்டு விநாடித் தாமதம் வைத்திருக்கிறார்கள்: கையை நீட்டி அழுத்தி, இறக்கி, சிரித்துக்கொள்ளலாம். ஆனால் அந்த இரண்டு விநாடிக்குள் எண்பது பேரும், "ஆயிருச்சுங்களா?" என்று கேட்டுவிடுகிறார்கள். நான் கண்ட தாமதப் படங்கள் யாவும் திறந்த வாய்களால் ஆனவை. இருந்தும் முதுகுக்கு வாய் மேல் என்பது என் துணிபு.

ரேடியோ அலை ரிமோட் இக்குறைகளைத் தீர்த்துவிட்டது. குறி பார்க்க வேண்டாம், பாக்கெட்டுக்குள்ளிருந்தே அழுத்தலாம். ஆனாலும் நம்மவர்கள் கையை நீட்டித்தான் அழுத்துகிறார்கள். டிவி ரிமோட் வளர்த்த கையை எந்த அலைவரிசையும் திருத்தாது.

அற்றேல், டீ கொண்டு வருபவரிடம் கேமராவைக் கொடுத்து அழுத்தச் சொன்னால் இத்தனையும் வேண்டாவே எனின், வேண்டா. ஆனால் அப்போது அவர் படத்தில் இருக்க மாட்டார். காலையும் மாலையும் கேனோடு வருகிறவர் கம்பெனிக்கு வெளியாள் என்று எந்த உரையாசிரியரும் கொள்ளார். எனவே ரிமோட்டே கொள்க. அவரையும் தரை வரிசையில் உட்கார வைக்க.

வரும் ஆயுதபூஜைக்கு முந்தின நாளே ரிமோட்டுக்குப் புது பேட்டரி போட்டுவிடுங்கள். ஆர்சி-6-க்கு சிஆர்2032, எம்எல்-எல்3-க்கு சிஆர்2025. இரண்டும் ஒரே அகலம், தடிமன்தான் 3.2, 2.5 மில்லிமீட்டர் என்று வேறுபடும். கடையில் எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.