பேராண்டி, வேகமா ஓடணும்னா மெதுவா ஓடு

வாடா பேராண்டி. சனிக்கிழமை ராத்திரி பெங்களூருல இருந்து வந்து இறங்குறே, விடியறதுக்குள்ள அதியமான்கோட்டை ரோட்டுல தலைதெறிக்க ஓடுறே. பால்காரரு என்கிட்ட வந்து, "உங்க பேரனுக்கு யாராச்சும் கடன் குடுத்திருக்காங்களா?"ன்னு விசாரிக்கிறாரு. மானம் போவுதுடா.

பத்து கிலோமீட்டரை ஒரு மணி நேரத்துல முடிக்கிறியாம், அதை 50 நிமிசமாக் கொறைக்கணுமாம். நல்ல ஆசை. அதுக்குத்தான் பதினஞ்சாயிரம் ரூவா ஷூ வாங்குனியா? பேஷ். ஷூ தயாராத்தான் இருக்குது, அதுக்குள்ள போற காலுதான் இன்னும் தயாராவல.

உன் நோய் என்னன்னு சொல்லட்டுமா? தெனமும் நாக்கு தள்ள ஓடுறே. மெதுவா ஓடுனா, ஓட்டக் கணக்கைப் போடுற ஸ்ட்ராவா ஆப்புல நாலு பேரு என்ன நெனைப்பாங்களோன்னு பயம். வாரத்துல அஞ்சு நாள் ஓடுனா, நாலு நாள் பேசிக்கிட்டே ஓடுற வேகம் போதும்டா. அப்புடி ஓடுனாலே இதயம் ஒரு துடிப்புக்குக் கூடுதலா ரத்தம் தள்ளப் பழகுது. தசைக்குள்ள மெல்லிசு ரத்தக்குழாய் புதுசா முளைக்குது. ஒடம்பு கொழுப்பை எரிச்சு, சேத்து வெச்ச சர்க்கரையைக் கடைசி கிலோமீட்டருக்கு மிச்சம் பண்ணுது. இதுக்கெல்லாம் மாசக்கணக்கு ஆவும். மூச்சு சீக்கிரம் தேறிடும், எலும்பும் குதிகால் தசைநாணும் நிதானமாத்தான் தேறும். மூச்சு குடுக்குற தைரியத்துல தூரத்தை ஒரேயடியாக் கூட்டுனவன் எல்லாம் மூட்டுல தைலம் தேய்ச்சுக்கிட்டுத் திண்ணையில குந்தியிருக்கான்.

கென்யாக்காரரு கிப்சோகே 2022ல பெர்லின்ல 42.195 கிலோமீட்டரை 2 மணி 1 நிமிசம் 9 விநாடியில ஓடுனாரு. அவரே சாதா நாள்ல மெதுவாத்தான் கெளம்புறாரு. நீ அவருக்கும் மேல, ஒத்துக்கறேன்.

மிச்சமிருக்கற அந்த ஒரு நாள் மட்டும் வேகம் காட்டு. மைதானத்துக்குப் போ. சுத்துக்கு 400 மீட்டர், 1 நிமிசம் 50 விநாடி. ஆறு சுத்து. நடுவுல ரெண்டு நிமிசம் நட. ஆறாவது சுத்தும் மொத சுத்து நேரத்துலயே வரணும். மொத சுத்துல வீரம் காட்டிட்டு ஆறாவதுல அம்மாவைக் கூப்புடறதுக்குப் பேரு பயிற்சி இல்ல. இந்த 400 மீட்டரை ஓயாம ஓடி ஓடித்தான் செக்கோஸ்லோவாக்கியாக்காரரு எமில் ஜாட்டோபெக், 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்ஸ்ல 5,000 மீட்டர், 10,000 மீட்டர், மாரத்தான் மூணுலயும் தங்கம் அள்ளுனாரு. அந்த மாரத்தான் அவரு வாழ்க்கையில மொத மாரத்தான்.

மேடு வேணுமா, வத்தல்மலை அடிவாரத்துக்குப் போ. தார் ரோடு வர்றதுக்கு முன்னாடி அந்த ஊரு சனங்க மூட்டையோட ஏறி எறங்குன மலை. எட்டைச் சின்னதா வெச்சு ஏறு. முழங்கால்மேல ஆசை இருந்தா எறக்கத்துல நடந்து வா.

போட்டி அன்னிக்கு மட்டும் தாத்தன் சொன்னதை மறந்துடாத. மொத ரெண்டு கிலோமீட்டர்ல ஊரையே முந்துறது, டீசல் மிச்சம் பண்ண தொப்பூர் கணவாயில நியூட்ரல்ல லாரியை எறக்குற மாதிரி. எறங்குறப்ப சொகமாத்தான் இருக்கும். அதோட முடிவு உனக்கே தெரியும். மொத பாதியைக் கஞ்சனா ஓடு, ரெண்டாவது பாதியில தாராளம் காட்டு. மத்தவனெல்லாம் நொண்டுறப்ப நீ வணக்கம் வெச்சுக்கிட்டே தாண்டலாம். மரியாதையும் ஆச்சு, பழிவாங்குன மாதிரியும் ஆச்சு.

அப்புறம், ஓடுறப்ப தெம்புக்குத் திங்கிற அந்தப் பாக்கெட் ஜெல்லை மொதமொத போட்டி அன்னிக்குத் திங்காத. வயித்துக்கும் ஒத்திகை வேணும். ராத்திரி ராகிக் களி தின்னுட்டு நேரத்தோட படு. போனைப் பாத்துக்கிட்டு முழிச்சிருந்தா காலு தேறாது.

நாளைக்குக் காலையில அஞ்சரைக்கு வா. நான் சைக்கிள்ல பக்கத்துலயே வர்றேன். வழி நெடுக ஊர் வம்பு கேப்பேன், முழுசு முழுசா பதில் சொல்லணும். நடுவுல எங்கயாவது மூச்சு வாங்கிப் பேச்சு நின்னுச்சுன்னா, டீயும் போண்டாவும் உன் செலவு.