அரண்மனையில் குடியேறிய தெய்வங்கள்

கேள்வி: தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்தைப் பார்த்து வந்தேன். ராஜாக்களைக் காணப் போனால், எங்கு திரும்பினாலும் ஸ்வாமிகளாகவே நிற்கிறார்களே, ஏன்?
(ஒரு வாசகர், திருவாமாத்தூர்)

பதில்: நாயக்கர் எழுப்பி மராட்டியர் பெருக்கிய அம்மாளிகையில், 1855-ல் தஞ்சை மன்னர் சிவாஜி மகாராஜா ஆண் வாரிசின்றிக் காலமாகி, கிழக்கிந்தியக் கும்பினியார் ராஜ்யத்தைத் தம் கணக்கில் வரவு வைத்துக்கொண்டு, நெடுங்காலம் கழிந்து 1951-ல் கலைக்கூடம் அமைந்ததும், பூமிக்கடியிலும் பாழ்மண்டபங்களிலும் ஆதரவற்றுக் கிடந்த மூர்த்திகள் வந்து குடியேறினர். அபிஷேக நைவேத்தியங்கள் இல்லையேயொழிய, தரிசனத்துக்குக் கட்டணம் உண்டு.

அவர்களுள் திருவெண்காட்டு ரிஷபவாகனரைக் கண்டிருப்பீர்கள். ராஜராஜ சோழன் காலத்தில், 1011-ஐ ஒட்டி வார்க்கப்பெற்ற அப்பெருமான், சடையைத் தலைப்பாகைபோல் சுற்றி முடிந்து, ரிஷபத்தின்மேல் கையூன்றிய பாவனையில் வெகு ஒய்யாரமாகச் சாய்ந்து நிற்கிறார். ரிஷபத்தை மட்டும் காணோம். (சாய்வதற்கு ஒன்றுமின்றி இத்தனை நிம்மதியாகச் சாய்ந்தவர் வேறெவரையும் நான் கண்டதில்லை.) பசுக்களும் நந்தியும் தவமிருந்து கொம்பு பெற்ற ஸ்தலம் தங்களூர் என்பது புராணம். ஆகையால் அபிராமேசுவரர் சந்நிதியில் சற்று விசாரித்துப் பாருங்கள். கொம்பு வாங்கப் புறப்பட்ட அந்த ரிஷபம் இன்னும் அங்கே வரிசையில் நின்றாலும் நிற்கலாம்.