உப்புக்காற்று செய்த வேலை

மாமல்லபுரம் வாசகர்: கடலுக்குப் பக்கத்தில் வீடு. ஆம்ப்ளிஃபயரில் வால்யூமைத் திருகினால் கரகரவென்கிறது. இடது ஸ்பீக்கர் ஊமை. யார் வைத்த சூனியம்?

உப்புக்காற்று! பல்லவர் கட்டிய கருங்கல்லையே அரித்தது, உங்கள் செம்புக் கம்பியை விட்டுவைக்குமா? கடற்கரைக் கோயில் கல்லில் ஊறிய உப்பை, தொல்லியல் துறையினர் காகிதக்கூழை அப்பி உறிஞ்சியெடுக்கிறார்கள். உங்களுக்கு அவ்வளவு பாடில்லை.

மின் பிளக்கைப் பிடுங்குங்கள். பச்சை பூத்த ஸ்பீக்கர் ஒயர் நுனியை வெட்டி, புதிதாகச் சீவி மாட்டுங்கள். பிறகும் ஊமையா? மறுபடி பிளக்கைப் பிடுங்கி, ஆம்ப்ளிஃபயர் பக்கம் இரண்டு ஸ்பீக்கர் ஒயர்களையும் இடம்வலம் மாற்றுங்கள். இப்போது வலது ஸ்பீக்கர் ஊமையானால் கோளாறு ஆம்ப்ளிஃபயர் பக்கம். இடதே ஊமையாக நின்றால் ஸ்பீக்கரிலோ அதன் ஒயரிலோ. கரகரப்புக்கு, மெக்கானிக்கிடம் வால்யூம் கன்ட்ரோலில் கான்டாக்ட் கிளீனர் அடிக்கச் சொல்லுங்கள். தேங்காய் எண்ணெய் மட்டும் விட்டுவிடாதீர்கள்!