கல்லுக்கு மொட்டை போட்ட கதை

2020 மார்ச் 24. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகி நாலு மாதம் நிறைய இரண்டே நாள் பாக்கி. சாயங்காலம் 6 மணியிலிருந்து 144 என்று டிவி அலறிக்கொண்டிருந்த மத்தியானத்தில், எங்கள் தெருமுனை புரோட்டா மாஸ்டரும் அவர் தம்பியும் பல்லக்குத் தூக்குகிறவர்கள் மாதிரி ஒரு கனத்த இரும்புப் பலகையைத் தாங்கிக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றார்கள்.

"சார், ஊரு அடங்கப்போவுதாம். நாங்க மலைக்குப் போறோம். தள்ளுவண்டி கெடந்தா கெடக்கட்டும். கல்லை மட்டும் உங்க வீட்டுல வச்சிட்டுப் போறேன்."

மலை என்றால் கல்வராயன். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை விட்டு மேலே ஏறினால் வெள்ளிமலை. அதற்கும் அந்தப் பக்கம் அவர் ஊர். சாமையும் மரவள்ளியும் இருக்கிறவரை அங்கே பட்டினி இல்லை என்பது அவர் கணக்கு. மாவட்டமான மறுவாரமே புரோட்டாவைப் பத்திலிருந்து பன்னிரண்டாக்கி, "கலெக்டரே வந்துட்டாரே சார்" என்று காரணம் சொன்ன மனிதர். அவர் கணக்கு எப்போதும் சரியாகத்தான் இருக்கும்.

கிளம்பும்போது சொன்னார்: "வாரத்துக்கு ஒருக்கா எண்ணெய்த் துணியால ஒரு இழுப்பு இழுத்துவிடுங்க. தண்ணி படக்கூடாது. வேற ஒண்ணும் செய்ய வேணாம்."

'வேற ஒண்ணும்' என்பதைக் கொஞ்சம் அழுத்தித்தான் சொன்னார். நான் முப்பது வருஷம் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவன் என்பது அவருக்குத் தெரியும். அதனால்தான் அழுத்தினாரோ என்னவோ.

கல்லைப் பின்கட்டு வேப்பமரத்தடியில் சுவரோரம் சாய்த்து, கோணி போர்த்தினோம். இரண்டரை அடி நீளம், இரண்டடி அகலம், அரை அங்குலக் கனம். இரும்பின் அடர்த்தியோடு பெருக்கிப் பார்த்தேன்: 46 கிலோ. இரும்பை ஏன் கல் என்கிறோம் என்று நம்மில் யாரும் கேட்டதில்லை. எங்கள் மலைக்கே பெயரில் கல் இருக்கிறது, அதற்காக அதில் யாரும் தோசை ஊற்றவா செய்கிறார்கள்?

இரண்டு வாரம் ஒழுங்காக எண்ணெய் இழுத்தேன். அதற்குள் வீட்டுக்குள் ஒரு சுத்த ஜுரம் பரவிவிட்டது. ஞாபகம் இருக்கும், பால் பாக்கெட்டுக்கு சோப்பு போட்ட காலம் அது. கத்தரிக்காய்க்கு மஞ்சள் தண்ணீர்க் குளியல். பத்து ரூபாய் நோட்டுக்கு வெயில். என் மனைவி கதவுக் கைப்பிடியை ஒரு நாளைக்கு நாலு தடவை துடைத்தாள். கழுவுவதற்கு ஏதும் மிச்சமில்லாமல் நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் கோணிக்கு வெளியே அந்தக் கறுப்பு மூலை கண்ணில் பட்டது.

எவ்வளவு அழுக்கு! மனுஷன் நம்மை நம்பி விட்டுப்போயிருக்கிறான், திரும்பி வரும்போது பளபளவென்று கொடுத்தால் எவ்வளவு சந்தோஷப்படுவான் என்று நினைத்தேன். திருமணமாகி முப்பத்தோரு வருஷத்தில் நானாக ஒரு பாத்திரத்தைத் தேய்க்க எழுந்தது அன்றுதான். மனைவி தடுக்கவில்லை, அதிர்ச்சியில் இருந்தாள்.

முறையாகத்தான் செய்தேன். முதலில் சலவை சோடா கரைத்த வெந்நீர். கொழுப்பைக் காரம் சோப்பாக மாற்றும் என்று எத்தனை பசங்களுக்கு எழுதிப்போட்டிருப்பேன்! அப்புறம் கம்பிநார், அப்புறம் செங்கல் தூள், கடைசியில் புளி. மூன்று நாள் வேலை. கீழடியில் குழி தோண்டுகிறவர்களுக்குக்கூட இவ்வளவு அடுக்கு கிடைத்திருக்குமா என்று சந்தேகம். மேலே மினுங்கும் கறுப்பு. அதற்குக் கீழே பழுப்பு. அதற்கும் கீழே ஏதோ ஒரு தீபாவளியில் தீய்ந்த முட்டை. மூன்றாம் நாள் சாயங்காலம் கல் வெள்ளித்தட்டு மாதிரி ஆகிவிட்டது. முகம் தெரிந்தது. அந்த முகத்தில் பெருமை தெரிந்தது.

மறுநாள் காலையில் கல் மஞ்சள் பூசிக் குளித்தது போல இருந்தது. சாயங்காலம் மலைப்பாதைச் செம்மண் நிறம்.

இரும்பு, நீர், ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்தால் துரு. எட்டாம் வகுப்புப் பையன் சொல்லுவான். டெல்லியில் ஒரு இரும்புத் தூண் 1,600 வருஷமாகத் துருப்பிடிக்காமல் நிற்கிறது, அதில் பாஸ்பரஸ் அதிகம், அதனால் மேலே ஒரு மெல்லிய படலம் உண்டாகிக் காப்பாற்றுகிறது என்று வகுப்பில் கதையாகச் சொன்னவனே நான்தான். மாஸ்டர் கல்லுக்கும் அப்படி ஒரு படலம் இருந்தது. எண்ணெய் மெல்லிசாகப் பரவிச் சூடேறும்போது அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்துக் கெட்டிப்பட்டு, இரும்போடு ஒட்டிக்கொள்ளும். பாலிமர். பிளஸ் டூ பாடத்தில் அது உண்டு. பேக்லைட், டெஃப்லான் எல்லாம் கேள்வியாக வரும். புரோட்டாக் கல் வராது. அதனால் எனக்கும் ஞாபகம் வரவில்லை.

"முப்பது வருஷம் எதைத்தான் நடத்தினீங்க?" என்று மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி.

மாஸ்டர் வருவதற்குள் பழையபடி ஆக்கிவிடலாம் என்று இறங்கினேன். முதலில் தேங்காயெண்ணெய். அது பூரிதக் கொழுப்பு. கைகோக்கச் சொன்னால் கோக்காது, சும்மா வழியும். அடுத்து நல்லெண்ணெய். ஒரேயடியாகக் கறுக்கட்டும் என்று தாராளமாக ஊற்றி, நாலு சுள்ளி வைத்து எரித்தேன். கெட்டிப்படாமல் பிசினாகிவிட்டது. சித்திரை மாதம், வேம்பு பூத்துக் கொட்டுகிற நேரம். ஒரு ராத்திரியில் கல் முழுக்க வேப்பம்பூ ஒட்டி, யாரோ எம்பிராய்டரி போட்ட மாதிரி இருந்தது. அதன் குறுக்கே ஒரு பூனை நடந்த தடம். கொஞ்ச தூரம் நாலு கால் தெளிவாக இருந்தது. அப்புறம் ஒரே தாவல்.

செப்டம்பரில் பஸ் ஓட ஆரம்பித்ததும் மாஸ்டர் வந்துவிட்டார். கோணியை விலக்கினார். ரொம்ப நேரம் பேசவில்லை. நகத்தால் ஒரு மூலையைச் சுரண்டி முகர்ந்து பார்த்தார்.

"யாரு சார் இதுக்கு மொட்டை போட்டது?"

நான் சொன்னேன். புளிவரைக்கும் சொன்னேன்.

"அழுக்குன்னு நெனச்சிட்டீங்களா? பத்து வருசம் சார். என் பெரிய பையன் வயசு."

சாமிக்கு நேர்ந்துகொண்ட பிள்ளையாக இருந்தாலாவது முடி இறக்கியதில் புண்ணியம் இருக்கும். நான் சந்தனம் பூசாத குற்றவாளியாக நின்றேன்.

அடுத்த இரண்டு நாள் எங்கள் பின்கட்டில் நடந்தது யாகம். செங்கல் துண்டால் துருவைத் தேய்த்தெடுத்து, அரிசி கழுவிய தண்ணீரில் கழுவி, உடனே மூன்று கல் கூட்டிய அடுப்பில் ஏற்றினார். காய்ந்த மரவள்ளிக் குச்சி பற்றிக்கொண்டது. நன்றாகக் காய்ந்ததும் குச்சி முனையில் கட்டிய துணியை விளக்கெண்ணெயில் தொட்டுப் பூசினார். பூசிய கையோடு இன்னொரு துணியால் துடைத்தும் விட்டார்.

"பூசினதை ஏன் மாஸ்டர் துடைக்கிறீங்க?"

"பூசலையோன்னு சந்தேகம் வரணும் சார். அந்த அளவுக்குத்தான் எண்ணெய்."

என் ஆராய்ச்சி முழுவதும் எங்கே கவிழ்ந்தது என்று அப்போது தெரிந்தது. ஏழு தடவை பூச்சு, ஏழு தடவை புகை. பக்கத்து வீட்டுக்காரர் மாஸ்க்கோடு சுவரேறி எட்டிப்பார்த்தார். வெள்ளைக் கல் வைக்கோல் நிறமாகி, கருப்பட்டி நிறமாகி, ஏழாவது சுற்றில் கறுத்தது. கடைசியாக அரை வெங்காயத்தைக் குச்சியில் குத்தி, கல் முழுக்கத் தேய்த்தார். தண்ணீர் தெளித்தார். துளிகள் பாதரசம் மாதிரி உருண்டோடின. கீழே ஆவி மெத்தை போட, துளி அதன்மேல் மிதக்கும். 1756-இல் லைடன்ஃப்ராஸ்ட் என்ற ஜெர்மன் மருத்துவர் இதைப் பற்றி எழுதியிருக்கிறார் என்று வாயைத் திறந்தேன். "அவரும் கல்லுல நின்னாரா சார்?" என்றார் மாஸ்டர். மூடிக்கொண்டேன்.

முதல் புரோட்டா பாதி கல்லோடு தங்கிவிட்டது. இரண்டாவது கிழிந்தது. ஒன்பதாவதுதான் முழு வட்டமாக வந்தது. முதல் எட்டையும் தின்றது நான். யாரும் தீர்ப்பு எழுதவில்லை. தட்டு தானாக என் பக்கம் நகர்ந்தது.

கடை திறந்த பிறகு தினமும் ராத்திரி பதினோரு மணிக்கு, கடை கட்டும் நேரம் பார்த்துப் போய் நிற்பேன். கல் சூடாக இருக்கும்போதே தோசைத் திருப்பியால் ஒரு சுரண்டு. கையளவு தண்ணீர் தெளித்து, தென்னந்துடைப்பத்தால் சர்ரென்று ஒரு தள்ளு. வாளித் தண்ணீரை அப்படியே கொட்டினால் கல் வளைந்துவிடும், அப்புறம் ஆயுசுக்கும் எண்ணெய் நடுவிலேயே குளம் கட்டும். ஈரம் இழுத்ததும் எண்ணெய்த் துணி, கோணி, மேலே தார்ப்பாய். கொத்து புரோட்டா அதிகம் ஓடிய நாளில் மட்டும் இன்னொரு சுற்று எண்ணெய். சால்னாவில் இருக்கிற தக்காளி கல்லைத் தின்னுமாம். அமிலம் என்ற சொல்லை அவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. மொத்தம் நாலு நிமிஷம். சோப்பு என்ற வஸ்து அந்த வண்டியின் கிழக்குப் பக்கம், தட்டு கழுவும் வாளியோடு சரி.

ஒருநாள் ஆள் வரவில்லை, உதவட்டுமா என்று கேட்டேன். "தட்டு கழுவுங்க சார்" என்றார். கொஞ்சம் யோசித்து, "இந்தப் பக்கம் வராம" என்றார்.

2021 மே 10. மறுபடி முழு ஊரடங்கு. அதற்கு முந்தின நாளே பின்கட்டைக் கூட்டி, வேப்பமரத்தடியில் இடம் ஒதுக்கி, புதுக் கோணி ஒன்றும் வாங்கி வைத்திருந்தேன். எண்ணெய்த் துணிகூடத் தயார். வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் ஒரு குட்டியானை வண்டி தெருமுனையில் திரும்பியது. மாஸ்டர் முன்னால் டிரைவர் பக்கத்தில். பின்னால் பாத்திரம், பாய், தலையணை, அவர் மனைவி, இரண்டு பையன்கள். பையன்களுக்கு நடுவில், கம்பளி போர்த்தி, சின்னவன் கையை மேலே போட்டு அணைத்தபடி, கல்.

வண்டி எங்கள் வாசலில் வேகம் குறையவில்லை. கொஞ்சம் கூடியது என்றுதான் எனக்குப் பட்டது.

"போயிட்டு வர்றேன் சார்!" என்று கையாட்டிவிட்டு, மாஸ்டர் கச்சிராயபாளையம் ரோட்டைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.