புல்லைக் கண்ணால் நிறுத்தல்: ஒரு பூர்வாங்க ஆராய்ச்சி

புல்லை அறுத்து உலர்த்தி நிறுப்பது பிரயாசை. நின்றபடியே நோக்கி, ‘இதனினும் அது செழிப்பு’ என்று மொழிவது சுகம். இவ்விரு சத்தியங்களையும் இணைத்து, மேய்ச்சல் நிலத்தின் சராசரி விளைச்சலை மதிப்பிட 1952-இல் மாக்கின்டயர் என்பார் ஆஸ்திரேலிய வேளாண் ஆராய்ச்சி இதழில் ஒரு மார்க்கம் வகுத்தார். குலுக்கலில் தேர்ந்த ஒன்பது நிலத்துண்டுகளை மும்மூன்றாகப் பிரித்து, ஒவ்வொரு கூட்டத்தையும் கண்ணாலேயே வரிசைப்படுத்தி, முதற்கூட்டத்தில் கடையையும் அடுத்ததில் இடையையும் மூன்றாவதில் தலையையும் மட்டும் அறுத்து நிறுத்துச் சராசரி காண்க. விளைச்சல் எவ்வகைப் பரவலைச் சார்ந்தது என்று இம்முறை வினவுவதில்லையாதலின், இதனைப் பண்பளவை சாராத அனுமானத்தில் அடக்குவர். வரிசை பிழையாதிருப்பின், இம்மூன்று நிறுவைகள் குருட்டாம்போக்கில் எடுத்த ஆறு நிறுவைகளின் நுட்பத்தை எட்டவும் கூடுமென்று 1968-இல் தகாஹாசியும் வாகிமோட்டோவும் நிறுவினர்.

இனி, வரிசைப்படுத்துவோர் நால்வகையர்.

சரியாகப் பார்ப்பவர்: இவரால் ஆராய்ச்சிக்குப் பயனில்லை.

ஐயுறுபவர்: இருக்கலாம்.

பாராமலே வரிசைப்படுத்துபவர்: இவருக்கும் மோட்சமுண்டு, வரிசை பிழைத்தாலும் மதிப்பீடு ஒருபக்கம் சாயாதென்று 1972-இல் டெல்லும் கிளட்டரும் காட்டிவிட்டனர்.

பசு: புல்லைப் பற்றிய அறிவில் மேற்கண்ட மூவரினும் சிறந்ததாகிய இதனை ஏன் நியமிக்கலாகாது என்பதே இவ்வாராய்ச்சியின் உயிர்நிலை. ஏட்டுப்பிரதியொன்றின் கறையான் அரித்த பகுதி இதனை ஆதரிப்பதாக, அவ்வேட்டைக் கண்ணுறாத பதிப்பாசிரியர் ஒருவர் அச்சேறாத தம் முன்னுரையில் குறிக்க, அக்குறிப்பை மறுத்தெழுந்த நூலுக்கு மறுப்பாக எழுந்த நூலின் பிழைதிருத்தப் பட்டியல், ‘பசு’ என்னுமிடத்து ‘எருமை’ என்று கொள்க எனப் பணிக்கிறது. எருமையாயினும் இடர் ஒன்றே: தலையாய துண்டைக் கண்டவுடன் அது நிறுவைக்குக் காத்திராமல் மேய்ந்துவிடுகிறது. ஆய்வுப்பொருளை ஆய்வாளரே உண்டுவிடும் இக்குற்றம் நான்கு கால் உடையோரிடம் மட்டுமே இதுவரை கண்டிக்கப்பட்டுள்ளது.

இம்முறையைப் புல்லுக்கு அப்பாலும் செலுத்தலாம். தேர்வாளரின் மேசைக்கு வரும் ஆய்வேடுகள் கனத்தைக் கொண்டு தலை, இடை, கடை என நொடியில் வரிசையுறுவது நெடுநாளைய வழக்கம். ஆனால் அது அவ்வளவோடு நின்றுவிடுகிறது. மாக்கின்டயரின் முறையிலோ, ஒன்பதுக்கு மூன்றையாவது திறந்து பார்த்தாக வேண்டும்.